மூளையைத் தட்டிப் பார்க்கும் ஆன்டெனா

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் இயற்பியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீங்க பேசணும், ஆனா விடுதிக் கதையெல்லாம் வேண்டாம், அதுக்கு வேற ஆட்கள் இருக்காங்க. பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். 30 வருடமாக ஆன்டெனாவோடு மாரடித்தவன் நான். ஆகவே ஆன்டெனாவைப் பற்றியே பேசுகிறேன். மொட்டைமாடியில் தூர்தர்ஷனுக்காகத் திருப்பித் திருப்பி வைத்தோமே, அந்த ஆன்டெனா இல்லை. காகிதம்போல வளையும் படலத்தில் அச்சடித்து, தலையைச் சுற்றிக் கட்டி, மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பயன்படும் ஆன்டெனா.

இது என்ன மாயம் என்று நினைக்க வேண்டாம். தேங்காய் வாங்கும்போது என்ன செய்கிறோம்? காதருகே ஆட்டிப் பார்க்கிறோம், விரலால் தட்டிப் பார்க்கிறோம். உடைக்காமலே உள்ளே இளசா, முற்றலா, தண்ணீர் வற்றியதா என்று தெரிந்துவிடுகிறது. பானை வாங்கினாலும் ஒரு தட்டு. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துத் தூண்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும். அமைப்பு மாறினால் ஒலியும் மாறுகிறது. நெஞ்சைத் தட்டிப் பார்த்து நோயறியும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கர், விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி, சரக்கு எதுவரை இருக்கிறது என்று அறிவது அவர் வீட்டுப் பழக்கம்.

ஆன்டெனா செய்வதும் இந்தத் தட்டல்தான். விரலுக்குப் பதில் ரேடியோ அலை, காதுக்குப் பதில் இன்னொரு ஆன்டெனா.

இதற்குப் பெரிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊருக்கு வெகு அருகே ஓடுவதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1992-இல் அங்கே ஒரு ரேடார் வேலை செய்யத் தொடங்கியது. 1.98 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்தை நோக்கி அனுப்பி, திரும்பி வருவதை வாங்கி, சுமார் 70 முதல் 98 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளந்தார்கள். பலூனும் எட்டாத, செயற்கைக்கோளும் நிலைத்துச் சுற்ற முடியாத உயரம் அது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 150 மீட்டர். மண்டை ஓட்டுக்கு உள்ளே 10 சென்டிமீட்டர் ஆழத்தைப் பார்க்கவும் அதே தத்துவம்தான். அலையின் நீளத்தை மட்டும் குறைக்க வேண்டும்.

எவ்வளவு குறைக்கணும்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பிளஸ் டூ புத்தகத்தில் 'மின்காப்பு மாறிலி' என்று ஒன்று படித்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதன் கணக்கு. பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். உடம்புக்குள் அதுதான் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுகிறது. செல்போன் அலைக்குப் பக்கத்தில், 1 கிகாஹெர்ட்ஸில் எடுத்துக்கொண்டால், மண்டை எலும்புக்கு இந்த மாறிலி சுமார் 12. மூளையின் வெண்பகுதிக்கு 38, சாம்பல்பகுதிக்கு 52, ரத்தத்துக்கு 61, மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீருக்கு 68. எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. தண்ணீர் கூடக் கூட மாறிலியும் கூடும். மூளைக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் அந்த இடத்தில் மாறிலி ஏறுகிறது. ரத்தக்குழாய் அடைத்து ரத்தம் வராமல் போனால் சற்றே இறங்குகிறது. வயதானவருக்கு மூளை சுருங்கினால், சுருங்கிய இடத்தைத் தண்டுவட நீர் நிரப்புகிறது, அங்கேயும் ஏற்றம். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றிலும் அலை கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் வளையும், கொஞ்சம் தாமதிக்கும்.

அப்படியானால் அலைவரிசையை நன்றாக ஏற்றி நுணுக்கமாகப் பார்க்கலாமே என்று ஒரு மாணவர் கேட்பார். பார்க்கலாம், ஆனால் அலை உள்ளே போகணுமே! 1 கிகாஹெர்ட்ஸில் 15 சென்டிமீட்டர் மூளைத்திசுவைக் கடந்து மறுபக்கம் வருவது, அனுப்பியதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதையே 3 கிகாஹெர்ட்ஸ் ஆக்கினால் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. ரொம்பக் குறைத்தாலோ அலை நீண்டுவிடும், சின்னக் கசிவு கண்ணில் படாது. ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் 0.5 முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடைவெளிக்குள் நின்றுகொண்டார்கள். அனுப்பும் சக்தியும் மிகக் குறைவு, பொதுவாகச் சில மில்லிவாட்டுக்குள். நாம் காதில் வைத்துப் பேசும் செல்போன் அதைவிடப் பல மடங்கு அனுப்புகிறது. எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை.

இனி 'அச்சடித்த', 'வளையும்' என்ற இரண்டு வார்த்தைகளுக்கு வருகிறேன்.

தட்டையான தகட்டை ஒரு பலகைமேல் ஒட்டி ஆன்டெனாவாக்கும் யோசனை 1950-களிலேயே வந்துவிட்டது. 1970-களில் அது ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும் போனது. இந்தத் துறையின் முக்கியமான புத்தகங்களைப் புரட்டினால் நம்மவர் பெயர்கள் வரிசையாக வரும். 1980-இல் பாஹலும் பார்த்தியாவும் எழுதினார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் ரமேஷ் கார்க், பம்பாய் ஐ.ஐ.டி.யின் கிரீஷ் குமார் ஆகியோரின் நூல்கள் உலகம் முழுக்க ஆன்டெனா படிக்கிறவர்கள் மேஜையில் இருக்கின்றன.

அந்தத் தகட்டை இப்போது வெள்ளித்துகள் கலந்த மையால் அச்சடிக்கிறார்கள். அச்சடிக்கும் முறை ஒன்றும் புதிதில்லை. கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, மேலே மை, ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. அப்புறம் 120 முதல் 150 டிகிரி வரை சூட்டில் வாட்டினால் மை இறுகி மின்சாரம் ஓடும். அடியில் இருப்பது பாலி இமைடு, பாலியெஸ்டர், சிலிக்கோன் ரப்பர் போன்ற வளையும் பொருள். செயற்கைக்கோள் படங்களில் பொன்னிறமாகப் பளபளக்கும் போர்வையைப் பார்த்திருப்பீர்களே, அது பாலி இமைடு படலம்தான். அடித்தளத்தின் மாறிலியைக் கூட்டினால் ஆன்டெனா சிறியதாகும். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் காற்றில் அரை அலைநீளம் 15 சென்டிமீட்டர். மாறிலி 10 உள்ள பொருளின்மேல் அது 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தலையைச் சுற்றி ஒரு டஜன் வைக்கலாம்.

வளைய வேண்டிய அவசியம் என்ன? தலை தட்டையாக இல்லை, அவ்வளவுதான். கெட்டியான பலகையைத் தலையில் வைத்தால் இடையில் காற்று நிற்கும். காற்றிலிருந்து தோலுக்குள் நுழையும்போதே அலையின் சக்தியில் பாதிக்கு மேல் திரும்பிவிடும். அந்தத் திரும்பல் பெரிய கூச்சல்; மூளையிலிருந்து வருவது முணுமுணுப்பு. கூச்சலில் முணுமுணுப்பு கேட்காது. ஆகவே ஆன்டெனா தலையோடு ஒட்டி உட்காரணும். நம்ம பத்தமடைப் பாயை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது, சுருட்டினால் சுருளும், விரித்தால் தரையோடு தரையாகப் படியும், பல வருடம் சுருட்டினாலும் ஒடியாது. ஆன்டெனாவிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஆனால் வெள்ளி மை பல தடவை மடங்கினால் விரிசல் விடும். வளைத்தால் அது ஒலிக்கும் சுருதியே கொஞ்சம் நகர்ந்துவிடும். தலைக்குத் தலை வளைவு வேறு. இத்தனையையும் சமாளிக்கிற வடிவத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஆராய்ச்சியே இருக்கிறது.

அப்புறம் முடி. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஓரிரு வரிதான் இருக்கும். நம்ம ஊரிலோ இடுப்பளவு கூந்தல், அதில் தேங்காயெண்ணெய், மேலே பூ, சித்திரை வெயிலில் வியர்வை. எண்ணெயால் பெரிய பாதகமில்லை. அதன் மாறிலி 3-ஐ ஒட்டித்தான் இருக்கும். வியர்வை உப்புத்தண்ணீர், அதுதான் குட்டையைக் குழப்பும். கொண்டை போட்ட ஆச்சிக்கு இந்தத் தொப்பி எப்படி உட்காரும் என்று கோதன்பர்க்கில் யாரும் யோசிக்கப் போவதில்லை. நாம்தான் யோசிக்கணும்.

இவ்வளவு பாடும் எதற்காக? இதைச் சொல்லாவிட்டால் என் பேச்சுக்கு அர்த்தமில்லை.

பாபநாசத்துக்கு மேற்கே என் பெரியம்மா வீடு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலம், வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. வீட்டில் இருந்தவர்கள் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தக்கொதிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலமும் கை வராததால் காரில் ஏற்றி ஹைகிரவுண்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததும் ரத்தக்குழாய் அடைப்பு என்று தெளிவாகத் தெரிந்தது. மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். பெரியம்மா இன்று இருக்கிறார்கள். வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. பூக்கட்டுவதில் ஊருக்குள் பெயரெடுத்த கை அது.

பக்கவாதத்தில் இரண்டு வகை. குழாய் அடைப்பது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் ஊசியில் ஏற்றலாம். முதலில் 1995-இல் வந்த ஆய்வு 3 மணி நேரம் என்றது, 2008-இல் வந்த ஆய்வு அதை நான்கரையாக்கியது. ஆனால் கசிவாக இருந்து அந்த மருந்தைக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எந்த டாக்டரும் ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடமாட்டார். ஸ்கேன் வரைக்கும் போகிற நேரம் வீண். அந்த வீணுக்கும் கணக்கு உண்டு. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் மூளைச்செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார்.

சி.டி. ஸ்கேன் என்பது மனித குலத்துக்குக் கிடைத்த பெரிய வரம். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அதற்கு 21 வருடம் முன்னால், 1950-இல், சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைத் துறையைத் தொடங்கியபோது இப்படி ஒரு வசதி கிடையாது. இன்று ஸ்கேன் மெஷின் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் எத்தனை ஊருக்கு வந்தாலும் பொதுவாக அது வீட்டு வாசலுக்கு வருவதில்லை. வாசலுக்கு வருவது 108 ஆம்புலன்ஸ். அதற்குள் ஒரு தொப்பி இருந்து, 'இது கசிவில்லை' என்று மட்டும் சொல்ல முடிந்தால், எந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகணும், அங்கே யார் தயாராக நிற்கணும் என்பதெல்லாம் வழியிலேயே முடிவாகும்.

அப்படி ஒரு தொப்பிக்காக உலகில் சிலர் உழைக்கிறார்கள். சுவீடனில் கோதன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மிக்கேல் பெர்ஷனும் ஆண்ட்ரியாஸ் ஃபாகரும் முதல் மாதிரியை ஒரு சைக்கிள் ஹெல்மெட்டில்தான் செய்தார்கள். 2014-இல் வெளியான அவர்கள் கட்டுரையில் முதலில் 20 நோயாளிகள், அடுத்து 25 நோயாளிகள். கசிவையும் அடைப்பையும் பிரிக்க வழி உண்டு என்று காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் அமின் அப்போஷ் குழு, வளையும் சிலிக்கோன் அடித்தளத்தில் ஆன்டெனா வரிசை அமைத்துத் தொப்பியாகவே செய்தது. அவர்கள் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கம்பெனியின் கருவி, பிரிஸ்பேன் பிரின்சஸ் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் துக்ருல் அர்ஸ்லானும் இம்ரான் சையதும் அல்சைமர் நோயில் மூளை சுருங்குவதை, தலையில் அணியும் வளையும் ஆன்டெனாக்களால் கண்டறிய முடியுமா என்று மாதிரித் தலைகளில் பார்த்தார்கள். நம் நாட்டில் அகமதாபாத்தில் உருவான 'செரிபோ' என்ற கைக்கருவி, தலையில் அடிபட்டவர்களுக்கு உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறது. அது பயன்படுத்துவது ரேடியோ அலை இல்லை, அகச்சிவப்பு ஒளி. ஒளி மேலாகத்தான் போகும். ஆழத்துக்கு ரேடியோ அலைதான் துணை. ஆனாலும் வண்டியில் வைத்துக் கொண்டுபோகும் மூளைக்கருவி நம் மண்ணிலும் பிறக்கும் என்பதற்கு அது சாட்சி.

மாணவர்கள் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இது ஸ்கேனுக்கு மாற்று இல்லை. 45 பேரிடம் சோதித்த முறை 45 ஆயிரம் பேரிடம் சரியாகச் சொல்லும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுத்துத்தான் இது விடை சொல்கிறது. பழக்கிய தலைகளைப் போலில்லாத தலை வந்தால் தடுமாறும். நோயாளி அசைந்தால் அளவு மாறும். கசிவை 'இல்லை' என்று ஒரு தடவை தப்பாகச் சொன்னாலும் அது ஓர் உயிர். ஆகவே இந்தத் துறையில் அவசரக்காரனுக்கு இடமில்லை.

அதனால்தான் நம் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு செல்லக் கோபம். வருடா வருடம் புராஜெக்ட் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். 'மூளைக்கட்டியைக் கண்டறியும் ஆன்டெனா' என்று அட்டை அழகாக இருக்கும். உள்ளே பார்த்தால் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வரைந்தது. வளைகோடு ஜோராக இறங்கியிருக்கும். "தம்பி, இதைச் செஞ்சு பாத்தியா?" என்று கேட்டால், "இல்ல சார், சிமுலேஷன் மட்டும்தான்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. செய்து பார்க்க இடமும் கருவியும் இருந்தால்தானே செய்வார்கள்? வரைபடத்தில் இருக்கிற மாம்பழத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

செய்து பார்க்க என்ன வேண்டும்? ஒன்று, அலை எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் விலைக்கு ஒரு வீடு வாங்கலாம். இன்று 'நானோ வி.என்.ஏ.' என்ற உள்ளங்கையளவு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போதாது, படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். இரண்டு, ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டமும் கொஞ்சம் வெள்ளி மையும். அச்சு நுணுக்கம் தெரிந்தவர்கள் சிவகாசி முழுக்க இருக்கிறார்கள், ஒரு பஸ் தூரம். மூன்று, ஒரு மாதிரித் தலை. அதைச் சமையலறையிலேயே செய்யலாம். தண்ணீர், அகர், சர்க்கரை, உப்பு. அகர் நம் மன்னார் வளைகுடாக் கடல்பாசியிலிருந்து எடுப்பது. தண்ணீரின் மாறிலி 78. சர்க்கரை அதைக் குறைக்கும், உப்பு மின்கடத்தலைக் கூட்டும். இரண்டையும் சரியாகக் கலந்தால் சாம்பல்பகுதியின் அளவுக்குக் கொண்டுவரலாம். கோதுமைப்பால் எடுத்துப் பதம் பார்த்து அல்வா கிண்டுகிற ஊருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மாறிலி போய்விடும். அந்த உருண்டைக்குள் ஒரு பலூனில் 'ரத்தம்' வைத்து, எங்கே வைத்தோம் என்று இன்னொருவர் கண்டுபிடிக்கட்டும். அதில் தேறினால்தான் அடுத்த படி. நோயாளியிடம் போவது மருத்துவர்களும் நெறிமுறைக் குழுவும் முடிவு செய்ய வேண்டியது. அது நம் மாணவர்கள் வேலை இல்லை. ஆனால் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. ஒரு நரம்பியல் மருத்துவரை வருடத்துக்கு இரண்டு நாள் கூப்பிட்டுப் பேசச் சொன்னால், நமக்கு எது தெரியாது என்பது சீக்கிரம் தெரியும்.

இப்போது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நிதி சேர்ந்திருக்கிறது, கல்லூரி வாசலில் நம் பெயர் பொறித்த அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். வளைவு வேண்டாம் என்று சொல்லி அண்ணாச்சிமார் கோபத்துக்கு ஆளாக எனக்குத் தைரியமில்லை. ஆனால் நான் சொன்ன மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, அந்த வளைவின் ஒரு தூணுக்குக்கூட வராது. வளைவை இந்த வருடம் ஒரு தூண் குறைத்துக் கட்டுங்கள் என்று கேட்க முடியாது. ஒரு வருடம் தள்ளிக் கட்டுங்கள் என்று கேட்கலாம் அல்லவா? இயற்பியல் துறையில் ஒரு மேஜையும் பூட்டுப் போட்ட ஓர் அலமாரியும் தந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை நான் வந்து உட்காருகிறேன். மின்னணுவியல், வேதியியல், கம்ப்யூட்டர் படித்த நம் நண்பர்களும் வரட்டும். மை காய்கிற பக்குவம் வேதியியல்காரருக்குத்தான் தெரியும்.

மாணவர்கள் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்று. ஆன்டெனா வரும்போது வரட்டும். யாருக்காவது முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மோர் கொடுத்துப் பார்ப்போம், தூங்கி எழுந்தால் சரியாகும், விடியட்டும் என்று ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இங்கே 300 பேர் இருந்தால் 300 வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்று சாயங்காலமே போய்விடும்.

 பின்வரிசைத் தம்பிகளே, இலை போட்டாச்சாம், எழுந்திருக்கலாம். வணக்கம்.